அட்டவணையும் கோப்பும்: தரவுப் போக்குவரத்தின் சமூக வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

தொழினுட்ப வரலாறுகள் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. பொறி ஒன்று தோன்றிய ஆண்டு, அதனை ஆக்கியோன் பெயர், அதற்குப் பின்வந்த பொறியின் வேகம் ஆகியன நிரற்படுத்தப்பட்டதும் வரலாறு முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. அப்பொறி யாருடைய உடைமையாயிருந்தது, அதன் முன்னே அமர்ந்து உழைத்தோர் யாவர், அதனுள்ளே சென்ற பொருள் மீண்டும் வெளியே வருவதற்கு எவரது இசைவு வேண்டப்பட்டது என்னும் வினாக்கள் எழுப்பப்படுதல் அரிது. கணினியைப் பொறுத்தவரையில் இக்குறை இன்னும் கூடுதலாகவே காணப்படுகின்றது.

அலுவலக எழுதுவினைஞர் நாள்தோறும் செய்யும் மிகச் சாதாரணமான ஒரு செயலையே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொள்கின்றது. தரவுத்தளம் ஒன்றிலுள்ள அட்டவணையைக் கோப்பாக வெளியே எடுத்தலும், அக்கோப்பை வேறொரு தரவுத்தளத்தின் அட்டவணையினுள் இடுதலுமே அச்செயல். கணினித் துறையினர் இவற்றை ஏற்றுமதி என்றும் இறக்குமதி என்றும் வழங்குவர். வாணிகத்திலிருந்து எடுத்தாளப்பட்ட இச்சொற்கள் ஒருவகையிற் பொருத்தமானவையே. ஏற்றுமதி, இறக்குமதி என்றவுடன் துறைமுகமும் தீர்வையும் துறைமுகத்தை ஆளுவோரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. தரவுகளின் போக்குவரத்திலும் துறைமுகங்கள் உள, தீர்வை உண்டு, ஆளுவோரும் உளர்.

அட்டவணை ஒன்றினை நிரப்புவோர் பலராயிருக்கலாம். அதனைப் பயன்படுத்துவோரும் பலராயிருக்கலாம். ஆயின் அதனை முழுமையாக வெளியே எடுத்துச்செல்லும் வழி எவர் கையில் உள்ளதோ அவரே நடைமுறையில் அதன் உடைமையாளர் ஆகின்றார். ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகளாகத் தரவுக் கோப்பின் வடிவம் பற்றி நடைபெற்றுவந்துள்ள இழுபறிகளை இவ்வுண்மையின் பின்னணியில் வைத்து நோக்கும்போதே அவை தெளிவு பெறுகின்றன.

2

1890ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்பீட்டில் ஹேர்மன் ஹொலரித் என்பார் ஆக்கிய மின் அட்டவணைப் பொறிகள் பயன்படுத்தப்பட்டன. ஏறத்தாழ 6 கோடியே 26 இலட்சம் மக்கள் கணக்கெடுக்கப்பட்ட அம்மதிப்பீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை துளையிடப்பட்டது. வயது, பால், பிறந்த நாடு, தொழில் முதலியன அட்டையின் குறித்த இடங்களில் இடப்பட்ட துளைகளாக மாறின. ஒரு மனிதர் ஓர் அட்டையானார். அட்டைகளின் அடுக்கு ஓர் அட்டவணையாயிற்று. பிற்காலத்துத் தரவுத்தளத்தில் நிரை எனவும் நிரல் எனவும் நாம் கூறுவனவற்றின் கருநிலையை இங்கேயே காணலாம்.

ஹொலரித் தமது பொறிகளை அரசுக்கு விற்கவில்லை, வாடகைக்கே விட்டார். 1896இல் அவர் நிறுவிய கம்பனி 1911இல் வேறு கம்பனிகளுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பூண்டது. பெயர் மாறியதேயன்றி வாடகை முறை மாறவில்லை. வாடகை முறையின் சுமையை முதலில் உணர்ந்ததும் அமெரிக்க அரசின் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களமே. 1900ஆம் ஆண்டு மதிப்பீட்டின் பின்னர் ஹொலரித் கோரிய கட்டணம் பற்றிய பிணக்கு முற்றியது. திணைக்களம் அவருடனான உறவை முறித்துக்கொண்டது. ஜேம்ஸ் பவர்ஸ் என்பாரைக்கொண்டு தனக்கெனப் பொறிகளை ஆக்குவித்து 1910ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்தியது. பவர்ஸ் 1911இல் தமது சொந்தக் கம்பனியைத் தொடங்கினார். அது பின்னர் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்துடன் இணைந்தது.

போட்டி இருவரிடையே ஏற்பட்டதும் அட்டையின் வடிவமே போர்க்களமாயிற்று. 1928இல் ஐ.பி.எம். நீள்சதுரத் துளைகளைக் கொண்ட 80 நிரல் அட்டையை வெளியிட்டது. மறுதரப்பார் வட்டத் துளைகளைக் கொண்ட 90 நிரல் அட்டையை வெளியிட்டனர். ஒன்றின் அட்டையை மற்றதன் பொறி படிக்கமாட்டாது. கோடிக்கணக்கான அட்டைகளைத் துளையிட்டு அடுக்கிவைத்த நிறுவனம் ஒன்று பொறியை மாற்ற விரும்பின், அவ்வளவு அட்டைகளையும் மீண்டும் துளையிட வேண்டியிருந்தது. அட்டையிலிருந்த செய்தி அந்நிறுவனத்துக்கே உரியது. எனினும் அச்செய்தியுடன் வெளியேறும் வழி அதனிடம் இல்லை.

ஐ.பி.எம். இதனுடனும் அமையவில்லை. வாடகைக்குப் பெற்ற பொறியில் தனது அட்டைகளையே பயன்படுத்த வேண்டும் என்னும் நிபந்தனையையும் அது குத்தகை உடன்படிக்கையிற் சேர்த்திருந்தது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1936இல் இந்நிபந்தனை சட்டத்துக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 300 கோடி அட்டைகளை அக்கம்பனி விற்றமை அவ்வழக்கிலே பதிவாகியுள்ளது. பின்னர் 1956இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி பொறிகளை வாடகைக்கு விடுவதோடு விற்கவும் வேண்டுமென ஐ.பி.எம். பணிக்கப்பட்டது. வெறுங் கடதாசித் துண்டொன்றின் மீது இத்தகைய வழக்குகள் எழுந்தமைக்குக் காரணம், அக்கடதாசியே அக்காலத்தில் தரவின் ஒரே ஊர்தியாயிருந்தமையாகும்.

அட்டையின் வரலாற்றில் உழைப்பின் பங்கு தனியே குறிப்பிடத்தக்கது. கையெழுத்துப் படிவத்தைத் துளைகளாக மாற்றும் பணி பெரும்பாலும் பெண்களாலேயே செய்யப்பட்டது. ஒருவர் துளையிட்டதை இன்னொருவர் அதே படிவத்தைப் பார்த்து மீண்டும் தட்டிச் சரிபார்த்தார். இவ்விருமுறை உழைப்பின்றி எந்த அட்டவணையும் நம்பத்தக்கதாயிருக்கவில்லை. பொறியை இயக்கிய ஆண்களுக்கும் பொறிக்கு உணவூட்டிய பெண்களுக்கும் இடையே ஊதியத்திலும் மதிப்பிலும் இருந்த வேறுபாடு, தரவு உட்புகுதலை அறிவற்ற வேலையாகக் கருதும் மனப்பான்மையை நிலைநிறுத்தியது. 1980களின் முற்பகுதியில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனம் தனது பயணச்சீட்டுத் தரவுப் பதிவு வேலையைக் கரீபியன் தீவான பார்படோசுக்கு மாற்றியது. பயன்படுத்தப்பட்ட பயணச்சீட்டுக்கள் விமானத்திற் சென்றன. குறைந்த ஊதியம் பெற்ற தீவுப் பெண்கள் அவற்றைத் தட்டச்சுச் செய்தனர். அட்டவணை அமெரிக்காவுக்குத் திரும்பியது. இறக்குமதி, ஏற்றுமதி என்னும் சொற்கள் இங்கே உருவகமாக நில்லாது நேர்ப்பொருளிலேயே வழங்கின எனலாம்.

3

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அட்டையின் இடத்தைக் காந்த நாடா பெறத் தொடங்கியது. 1951இல் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்துக்கு வழங்கப்பட்ட யூனிவாக் கணினி உலோக நாடாவைப் பயன்படுத்தியது. 1952இல் ஐ.பி.எம். பிளாஸ்டிக் நாடாவை அறிமுகஞ் செய்தது. ஊடகம் மாறியபோதும் உருவம் உடனே மாறிவிடவில்லை. பெயருக்கு 20 இடம், ஊருக்கு 15 இடம் என நிரல்களை அளந்து ஒதுக்கும் அட்டைக்கால வழக்கம் நாடாவிலும் தொடர்ந்தது. பழைய உற்பத்தி முறையின் வடிவங்கள் புதியதன் உள்ளே நெடுங்காலம் வாழும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

நாடா ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எளிதாகச் சென்றது. ஆயின் சென்றவிடத்தில் அது படிக்கப்பட வேண்டும். எழுத்தொன்றினை எவ்வெண்ணாற் குறிப்பது என்பதில் உடன்பாடு இருக்கவில்லை. 1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்னும் பொதுநியமம் வகுக்கப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். 360 கணினிக் குடும்பமோ எப்சிடிக் எனப்படும் தனது சொந்தக் குறிமுறையையே முதன்மையாகக் கொண்டிருந்தது. சந்தையில் முதன்மை பெற்றிருந்த நிறுவனத்துக்குப் பொதுநியமத்தைப் பின்பற்றும் தேவை அதிகம் இருக்கவில்லை. சிறிய போட்டியாளர்க்கே அது தேவையாயிருந்தது. 1968 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன், 1969 ஜூலை முதலாக அரசு வாங்கும் கணினிகள் ஆஸ்கியைக் கையாளவல்லனவாக இருத்தல் வேண்டுமெனப் பணித்தார். முதலாளித்துவ அரசும் தன் அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காகச் சந்தையில் தலையிட நேர்ந்தமை கவனத்திற் கொள்ளத்தக்கது.

இவற்றினும் ஆழமான தடை ஒன்று தரவுத்தளங்களின் உள்ளமைப்பிலேயே இருந்தது. 1960களில் தோன்றிய தரவுத்தள முறைமைகளில் ஒரு பதிவுக்கும் மற்றொரு பதிவுக்கும் இடையிலான தொடர்பு பெரும்பாலும் சுட்டிகளால் நிலைநாட்டப்பட்டது. ஒரு வாடிக்கையாளரின் பதிவு, அவரது கட்டளைகள் வட்டின் எவ்விடத்தில் உள்ளன என்னும் முகவரியைத் தன்னுள்ளே வைத்திருக்கும். அப்பதிவைக் கோப்பாக வெளியே எடுத்து வேறொரு கணினியில் இட்டால் அம்முகவரி பொருளற்றதாகிவிடும். வீதியின் பெயர் தெரியாத ஊரில் வீட்டிலக்கத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு நிற்பவரது நிலை அது. தரவைச் சேமித்துவைத்த முறைமையை விட்டுப் பிரித்தால் தரவின் உறவுகள் அறுந்துவிடும். எனவே பயனாளர் முறைமையோடு பிணைக்கப்பட்டவராயினர்.

1970 ஜூனில் எட்கார் கொட் வெளியிட்ட கட்டுரையின் முதன்மை இப்பின்னணியிலேயே விளங்கும். ஐ.பி.எம். ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அவர், எல்லா உறவுகளும் அட்டவணையிலுள்ள பெறுமானங்களாலேயே வெளிப்படுத்தப்பட வேண்டும் என வாதிட்டார். வாடிக்கையாளர் அட்டவணையில் ஓர் இலக்கம் இருக்கும், கட்டளை அட்டவணையிலும் அதே இலக்கம் இருக்கும், அவ்வொப்புமையே உறவு. வட்டின் முகவரி பயனாளர் பார்வையிலிருந்து நீங்கிவிடும். இதன் விளைவு யாதெனில், அட்டவணையை எழுத்துக்களாக எழுதி வெளியே எடுப்பினும் அதன் உறவுகள் அதனுடன் செல்லும் என்பதாகும். அட்டவணைகள் தம்மைப் பிணைத்திருந்த வட்டிலிருந்து கொள்கையளவில் விடுதலை பெற்றது அப்போதுதான்.

கொள்கையளவிற் பெற்ற விடுதலை நடைமுறைக்கு வரக் காலம் பிடித்தது. ஐ.பி.எம். நிறுவனம் சுட்டிகளை அடிப்படையாகக் கொண்ட தனது பழைய தரவுத்தளத்தை விற்றுப் பெருவருமானம் பெற்றுக்கொண்டிருந்தமையால், தன் ஊழியரே கண்ட புதுமுறையைச் சந்தைக்குக் கொணர்வதில் விரைவு காட்டவில்லை. அதன் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்து, பின்னர் ஒராக்கிள் எனப் பெயர்பெற்ற சிறு கம்பனி 1979இலேயே தனது பண்டத்தை வெளியிட்டது. ஐ.பி.எம். 1981இலேயே அவ்வழிக்கு வந்தது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை நிலவும் உடைமை உறவுகள் தடுத்துநிற்றல் என்னும் கூற்றுக்கு ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இத்துணைத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

4

தரவுத்தளத்தை வினவும் மொழியாகிய எஸ்.கியூ.எல். 1986இல் அமெரிக்க நியமமாகவும் 1987இல் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. அட்டவணையை எவ்வாறு ஆக்குவது, எவ்வாறு வினவுவது என்பன வரையறுக்கப்பட்டன. அட்டவணையைக் கோப்பாக எவ்வாறு வெளியே எடுப்பது என்பதோ அவ்வாறு பொதுவரையறை பெறவில்லை. அது ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பத்துக்கும் விடப்பட்டது. போஸ்ட்கிரெஸ் ஒரு கட்டளையைக் கொண்டது. மைஎஸ்கியூஎல் வேறொன்றைக் கொண்டது. சைபேசும் அதன் வழிவந்த மைக்ரோசொப்ட் தரவுத்தளமும் தனியொரு கருவியைக் கொண்டன. வணிகத் தரவுத்தளங்களுள் முதன்மை பெற்ற ஒராக்கிள் வெளிக்கோப்புக்களை விரைந்து உள்வாங்குவதற்கு ஆற்றல் மிக்க கருவியொன்றை வழங்கிற்று. அதற்கு இணையாக எளிய எழுத்துக்கோப்பை வெளியிடும் கருவியை அது நெடுங்காலம் வழங்கவில்லை. அதன் ஏற்றுமதிக் கருவி ஆக்கிய கோப்பு, அதே நிறுவனத்தின் இறக்குமதிக் கருவிக்கு மாத்திரமே விளங்கும் மூடிய வடிவில் இருந்தது. உள்வாயில் அகலமாகவும் வெளிவாயில் ஒடுக்கமாகவும் அமைந்த வீடு அது. தொழினுட்பக் காரணங்கள் சில காட்டப்படலாமாயினும், இவ்வமைப்பு எவரது நலனுக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை.

இவ்வாறு நிறுவனங்கள் தத்தம் வாயில்களைக் காத்துநிற்க, எவருக்கும் உரிமையில்லாத எளிய வடிவமொன்று கீழிருந்து வளர்ந்துவந்தது. ஒவ்வொரு நிரையையும் ஒரு வரியாக எழுதி, நிரல்களைக் காற்புள்ளியாற் பிரிக்கும் முறையே அது. 1972இல் ஐ.பி.எம். வெளியிட்ட போர்ட்ரான் மொழிபெயர்ப்பி ஒன்றில், காற்புள்ளியாலோ இடைவெளியாலோ பிரிக்கப்பட்ட பெறுமானங்களை வாசிக்கும் வசதி இருந்தது. அளந்து ஒதுக்கிய நிரல்களை விடக் காற்புள்ளியிடுதல் எளிது. துளையில் ஓரிடம் பிசகினாலும் வரி முழுவதும் பிழைபடுதல் தவிர்க்கப்பட்டது. 1979இல் விசிகல்க் என்னும் விரிதாள் மென்பொருள் தோன்றிய பின்னர் அட்டவணை சிறு வணிகரின் மேசைக்கும் வந்தது. 1983இல் வெளிவந்த ஒஸ்போர்ன் கணினியின் கைந்நூலில் சீ.எஸ்.வீ. என்னும் பெயரும் அதன் விதிகளும் காணப்படுகின்றன. பல்லாண்டுகள் வழக்கில் இருந்த பின்னரே, 2005 ஒக்டோபரில் இவ்வழக்கு 4180ஆம் இலக்க இணைய ஆவணமாக எழுதிவைக்கப்பட்டது. அவ்வாவணமும் கட்டாய நியமமாக அமையவில்லை; வழக்கிலுள்ளதைத் தொகுத்துரைக்கும் தகவலாகவே அமைந்தது.

வாய்மொழி இலக்கியத்தைக் கற்றோர்க்கு இவ்வரலாறு பழக்கமானதாகவே தோன்றும். ஆக்கியோன் பெயர் அறியப்படவில்லை. பாடவேறுபாடுகள் பல உள. தேவை உள்ளவிடமெல்லாம் அது பரவியது. இலக்கணம் பிற்காலத்தே வகுக்கப்பட்டது. தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி வழங்கும் ஜேர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளில் நிரல்களைப் பிரிப்பதற்கு அரைப்புள்ளி பயன்படுத்தப்படுதல் அத்தகைய பாடவேறுபாடுகளுள் ஒன்று. ஒரு நிறுவனத்தின் கொடையாக வாராது, பல நாட்டு நிரலாளரின் அன்றாடத் தேவையிலிருந்து பிறந்தமையாலேயே இவ்வடிவம் இத்தனை நிறுவனங்களின் எழுச்சி வீழ்ச்சிகளைக் கடந்து நிலைத்தது.

5

இவ்வெளிமையைப் போற்றும்போது அதன் எல்லையையும் நாம் மறந்துவிடலாகாது. கோப்பு பெறுமானங்களை எடுத்துச்செல்கின்றது. அவற்றின் பொருளை எடுத்துச்செல்வதில்லை. தரவுத்தளத்தினுள்ளே ஒரு நிரல் எண் என்றோ, தேதி என்றோ, வெறுமையாயிருத்தல் ஆகாது என்றோ வரையறுக்கப்பட்டிருக்கும். காற்புள்ளிக் கோப்பில் அவ்வரையறைகள் அனைத்தும் நீங்கி எழுத்துக்கள் மாத்திரம் எஞ்சுகின்றன. ‘அறியப்படவில்லை’ என்பதும் ‘ஒன்றுமில்லை’ என்பதும் தரவுத்தளத்தில் இருவேறு நிலைகள். கோப்பில் இரண்டும் இரு காற்புள்ளிகளுக்கு இடைப்பட்ட வெறுமையாகவே தோன்றக்கூடும். தொலைபேசி இலக்கத்தின் முன்னுள்ள பூச்சியம் மறைந்துபோதல் எழுதுவினைஞர் பலரும் அறிந்த தொல்லை.

தமிழ் மாணவர்க்கு இது புதிய சிக்கலன்று. ஓலையிற் புள்ளியிட்டால் ஏடு கிழியுமாதலின் மெய்யெழுத்துக்கள் புள்ளியின்றியே எழுதப்பட்டன. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படவில்லை. ஏட்டை எழுதியவனுக்கும் அவன் காலத்து வாசகனுக்கும் அதனால் இடர் இருக்கவில்லை. நூற்றாண்டுகள் கழித்து அவ்வேடுகளை அச்சேற்ற முற்பட்டவர்களே அல்லற்பட்டனர். 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரின் உழைப்பில் பெரும்பகுதி, ஏடு காட்டாத வேறுபாடுகளை மீட்டெடுப்பதிலேயே சென்றது. ஊடகம் விட்டுவிட்ட வேறுபாட்டை யாரேனும் ஒருவர் உழைத்தே மீட்க வேண்டும் என்பது ஏட்டுக்கும் கோப்புக்கும் பொதுவான விதி.

அவ்வுழைப்பைச் சிக்கனப்படுத்தும்போது நேர்வதென்ன என்பதை 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கண்டோம். கொவிட் பரிசோதனை செய்த தனியார் ஆய்வுகூடங்கள் முடிவுகளைக் காற்புள்ளிக் கோப்புக்களாகப் பொதுச் சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பின. அந்நிறுவனம் அவற்றைப் பழைய எக்செல் வடிவக் கோப்புக்களில் இட்டு, அவற்றின் வழியே மையத் தரவுத்தளத்துக்கு ஏற்றியது. அப்பழைய வடிவம் 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காது. ஒரு நோயாளிக்குப் பல நிரைகள் தேவைப்பட்டமையால், ஏறத்தாழ 1,400 பேருடன் ஒரு கோப்பு நிரம்பிவிட்டது. எஞ்சியோர் எந்த எச்சரிக்கையுமின்றி விடுபட்டனர். செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையில் தொற்று உறுதிசெய்யப்பட்ட 15,841 பேர் நாளாந்தக் கணக்கிற் சேரவில்லை. அவர்களுக்குப் பரிசோதனை முடிவு அறிவிக்கப்பட்டபோதும், அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. தொற்றுநோய்க் காலத்தில் அத்தாமதத்தின் விலை மனித உயிர். பொதுத்துறைப் பணி துண்டுதுண்டாகத் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, துண்டுகளை ஒட்டும் வேலை ஒரு விரிதாளிடம் விடப்பட்டிருந்த அமைப்பின் விளைவு இது. நிரைகளின் உச்சவரம்பு அவ்வமைப்பின் பலவீனத்தை வெளிப்படுத்திய நிமித்தம் மாத்திரமே.

அறிவியலும் இதற்கு விலக்கன்று. செப்டெம்பர், மார்ச் ஆகிய மாதப் பெயர்களை ஒத்த சுருக்கப் பெயர்களையுடைய மரபணுக்களை எக்செல் மென்பொருள் தேதிகளாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக்கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்திலொன்று இத்தகைய பிழைகளைக் கொண்டிருந்தமை 2016இல் வெளிவந்த ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. மென்பொருளைத் திருத்தச் செய்வதிலும் மரபணுக்களின் பெயரை மாற்றுதல் எளிதாயிருந்தது போலும்; 2020இல் மரபணுப் பெயரிடும் குழு அவற்றின் சுருக்கப் பெயர்களை மாற்றியமைத்தது. ஒரு கம்பனியின் அலுவலகக் கருவிக்கு அறிவியல் மொழி வழிவிட்ட நிகழ்ச்சி இது.

தமிழ்த் தரவுகள் பட்ட பாடு தனியே கூறத்தக்கது. இலங்கைத் தமிழ் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில், கணினி சேமித்தவை உண்மையில் ஆங்கில எழுத்துக்களே. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. காற்புள்ளிக் கோப்பு எழுத்துருவை எடுத்துச்செல்வதில்லை. ஆதலின் பெயர்ப் பட்டியலொன்று ஏற்றுமதியானதும் போர்வை விலகி, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலே எஞ்சியது. 1991இல் வெளிவந்த யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், எழுத்துருவழி வழக்கம் அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. யூனிகோட்டுக்கு மாறிய பின்னரும் சிக்கல் முற்றாக நீங்கவில்லை. இன்று பெருவழக்கிலுள்ள யூ.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடம் கொள்ளும்; ஆங்கில எழுத்து ஒரு பைற்றே கொள்ளும். ‘கமலா’ என்னும் பெயர் நான்கு குறியீடுகளால் 12 பைற்று ஆகின்றது. ஆங்கிலப் பெயருக்கென 20 பைற்று அளந்து ஒதுக்கிய நிரலில் ஆறு தமிழ்க் குறியீடுகள் அடங்கும். ஏழாவது நடுவே வெட்டுண்ணும். எவருடைய பெயரை அளவாகக் கொண்டு நிரல் வகுக்கப்பட்டது என்பது இவ்விடத்தே வெளிப்பட்டுவிடுகின்றது.

6

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, தரவு தடையின்றி வெளியேறுவதே முற்போக்கானது என்னும் முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடுதல் தவறாகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜேர்மன் கிளையாகிய டெகோமாக் 1933இல் பிரஷ்யாவின் குடிசன மதிப்பீட்டைத் துளையட்டைகளில் தொகுத்தது. நாசி அரசு நடத்திய 1939ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே ஒவ்வொருவரின் பாட்டன் பாட்டியருள் யூதர் உளரா என்னும் வினா தனி அட்டையிற் கேட்கப்பட்டது. நம் நாட்டில் 1983 ஜூலையிற் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிச்சென்ற கும்பல்களிடம் வாக்காளர் இடாப்புக்கள் இருந்தமை கண்டோராலும் ஆய்வாளராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. வாக்களிக்கும் உரிமைக்கென ஆக்கப்பட்ட அட்டவணை, அதன் அலுவலகத்தை விட்டு வெளியேறியதும் வேறொன்றாயிற்று. ஒரு பெயர், ஒரு முகவரி ஆகிய இரு நிரல்களே அதற்குப் போதுமாயிருந்தன.

எனவே அட்டவணை வெளியேறுகின்றதா இல்லையா என்பதோடு நம் ஆராய்ச்சி நின்றுவிடல் ஆகாது. அதனை வெளியே எடுப்பவர் யார், எவரது இசைவோடு எடுக்கின்றார், எவரை நோக்கி எடுத்துச்செல்கின்றார் என்பனவும் கேட்கப்படல் வேண்டும். அட்டவணையில் நிரையாக அமைந்த மனிதர்க்கு அந்நிரையின் மீது உரிமை உண்டா என்பதே அடிப்படை வினா. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்புச் சட்டத்தின் 20ஆம் உறுப்புரை, ஒருவர் தாம் நிறுவனமொன்றுக்கு அளித்த தம்மைப் பற்றிய தரவை, ஒழுங்கமைந்ததும் பொதுவழக்கிலுள்ளதும் பொறியாற் படிக்கத்தக்கதுமான வடிவிற் பெற்று வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையை வழங்குகின்றது. அடக்கமான சொற்களில் அமைந்த அவ்வுறுப்புரை, கோப்பின் வடிவத்தை மனித உரிமையின் ஒரு கூறாக ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்க திருப்பமாகும்.

ஆயினும் பழைய வாடகை முறை புதிய உருவில் மீண்டுள்ளது. இன்று பல நிறுவனங்களின் தரவுத்தளங்கள் அவற்றின் சொந்தக் கணினிகளில் இல்லை. அமேசன், மைக்ரோசொப்ட், கூகிள் ஆகிய மூன்று பெருநிறுவனங்கள் முன்னணியில் நின்று வாடகைக்கு விடும் தொலைக் கணினிகளிலேயே அவற்றிற் பல உள்ளன. தரவை அங்கே ஏற்றுவதற்குப் பொதுவாகக் கட்டணமில்லை. அங்கிருந்து வெளியே எடுப்பதற்கே கட்டணம் அறவிடப்பட்டுவந்தது. 2024இன் முற்பகுதியில் இம்மூன்று நிறுவனங்களும், முற்றாக விலகிச்செல்லும் வாடிக்கையாளரிடம் அக்கட்டணத்தை அறவிடுவதில்லை என அறிவித்தன. அப்போது ஐரோப்பாவில் இதனைக் கட்டுப்படுத்தும் தரவுச் சட்டம் நிறைவேறிவிட்டிருந்தது. 2025 செப்டெம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், 2027 ஜனவரி 12இன் பின்னர் மாறுதற் கட்டணம் எதுவும் அறவிடலாகாது என விதிக்கின்றது. 1936இல் அட்டை பற்றி எழுந்த அதே வினா, தொண்ணூறு ஆண்டுகளின் பின்னரும் சட்டமன்றங்களின் முன்னே நிற்கின்றது.

பல்கலைக்கழகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், நூலகங்கள் முதலிய பொதுநிறுவனங்கள் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க நடைமுறைப் பாடங்கள் சில உள. மென்பொருளை வாங்கு முன்னர் அதனுள் தரவு எவ்வாறு செல்லும் என்பதோடு எவ்வாறு முழுமையாக வெளியே வரும் என்பதையும் உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளல் வேண்டும். அட்டவணையுடன் நிரல்களின் பொருளை விளக்கும் குறிப்பும், எழுத்துக் குறிமுறையின் பெயரும், நிரைகளின் மொத்தத் தொகையும் சேர்த்தே அனுப்பப்படல் வேண்டும். இங்கிலாந்தில் சென்றடைந்த நிரைகளை எண்ணி அனுப்பியவற்றோடு ஒப்பிட்டிருந்தால் அவ்விழப்பு முதல்நாளே தெரிந்திருக்கும். மனிதரைப் பற்றிய அட்டவணைகளில் பணிக்குத் தேவையான நிரல்கள் மாத்திரமே வெளியே செல்லல் வேண்டும். இவ்வேலைகளைச் செய்யும் எழுதுவினைஞரின் உழைப்பு அறிவார்ந்த உழைப்பென மதிக்கப்பட்டு அதற்கேற்ற ஊதியமும் அளிக்கப்படல் வேண்டும்.

தரவு தானே இடம்பெயர்வதில்லை. அதனை எடுத்துச்செல்லும் கைகளும், எடுத்துச்செல்லவிடாது தடுக்கும் கைகளும் உள. துளையட்டையிலிருந்து தொலைக் கணினி வரையிலான வரலாறு, அவ்விரு தரப்பாருக்கும் இடையிலான போராட்டத்தின் வரலாறே. அப்போராட்டத்தில் அட்டவணையின் ஒவ்வொரு நிரையிலும் உள்ள மனிதர் இதுவரை பெரும்பாலும் வாய்பேசாதவராகவே இருந்துவந்துள்ளார். அவரைப் பேசச்செய்தல் கணினித் துறையினர் தனித்து நிறைவேற்றக்கூடிய பணியன்று.